இங்கு அரசியல் பேசாதீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். நாட்டுக்கு இப்போது வேண்டியது கண்டிப்பான ஒரு கை, எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது, அரசு ஊழியர் பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தார், இப்போதோ இந்தத் தொண்டு நிறுவனக்காரர்களும் போராட்டக்காரர்களும் வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு எந்தக் காரியத்தையும் நடக்க விடுவதில்லை, இவர்களை அடக்கினால்தான் உருப்படுவோம் என்பது அவர் சொன்னதன் சாரம். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அப்புறம் மறுபடியும் எடுத்துப் படித்தேன். சாயங்காலம் வரை மனசு ஆறவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆனவன், நேரம் இருக்கிறது.

நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழன். ஸ்ரீராமபுரம். அப்பா மில் தொழிலாளி. நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்று இப்போது அல்சூரில் இருக்கிறேன். எமர்ஜென்சி வந்தபோது எனக்கு 12 வயது. ரயில் நேரத்துக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது, ரயிலில் போகிற அளவுக்கு எங்கள் வீட்டில் காசு இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பது எங்கள் தெருமுனை சலூன்.

அந்தச் சலூனில் முடி வெட்டிக்கொண்டவர்களைவிடப் பேச வந்தவர்கள்தான் அதிகம். ஒரே ஒரு தமிழ்ப் பேப்பர் வரும், அதை நாலு தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள், ஐந்தாவது ஆள் சத்தம் போட்டு விளக்கம் சொல்வார். ஷிப்ட் முடிந்து வருகிற அப்பா அங்கே அரை மணி நேரம் உட்காராமல் வீட்டுக்கு வந்ததில்லை. 1975 மழைக்காலத்தில் ஒருநாள் கண்ணாடிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு அட்டை தொங்கியது. 'இங்கு அரசியல் பேசாதீர்.' யாரும் வந்து மாட்டச் சொல்லவில்லை. போலீஸ் எங்கள் தெருவுக்குள் வந்ததாகவே ஞாபகம் இல்லை. கடைக்காரரே நீல மசியில் எழுதி, ஓரத்தில் பூவெல்லாம் போட்டு மாட்டியிருந்தார். அப்பா கேட்டதற்கு, "எனக்குப் புள்ளகுட்டி இருக்குண்ணே" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் சலூனில் எம்ஜிஆர் படமும் மழையும் விலைவாசியும் பேசினார்கள். விலைவாசியைப் பற்றிக்கூட, யார் காரணம் என்கிற இடம் வருவதற்கு முன்னால் நிறுத்திக்கொள்வார்கள்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் சேஷாத்ரி ரோடு. அங்கே பழைய சென்ட்ரல் ஜெயில் இருந்தது. நாடாளுமன்றக் குழு ஒன்றின் வேலையாகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாயி, அத்வானி, மது தண்டவதே மூன்று பேரையும் 1975 ஜூன் 26 அன்று இங்கேயே பிடித்து அந்த ஜெயிலில்தான் வைத்தார்கள். பிறகு நடிகை ஸ்னேகலதா ரெட்டி. ஆஸ்துமாக்காரர். எட்டு மாதம் உள்ளே இருந்தார். 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள், ஐந்தாவது நாள் இறந்துபோனார். அவர் மேல் குற்றப் பத்திரிகைகூட இல்லை. சென்னையில் இதே காலத்தில் நடந்ததைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசைக் கலைத்தார்கள், சென்னை மத்திய சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு மறு வருஷம் இறந்தார். ரயில் நேரத்துக்கு வந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

சரி, பழைய கதை போதும். அந்த ஜெயில் பரப்பன அக்ரஹாரத்துக்குப் போய்விட்டது, பழைய இடத்தைச் 'சுதந்திரப் பூங்கா' ஆக்கினார்கள். எல்லோரும் ஃப்ரீடம் பார்க் என்பார்கள். நடுவில் காவல் கோபுரத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், கைதிகள் இருந்த அறைகளையும் பார்க்கலாம். 2021லிருந்து பெங்களூரில் போராட்டம் என்றால் இங்கேதான், வேறெங்கும் கூடாது. முன்பெல்லாம் டவுன் ஹால் படிக்கட்டு, மைசூர் பேங்க் சர்க்கிள், ஆனந்த ராவ் சர்க்கிள் காந்தி சிலை என்று எங்கேயாவது பத்துப் பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், போகிற வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். நான்கூட ஒருமுறை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் தையல் தொழிற்சாலைப் பெண்களின் பி.எஃப். பிரச்சினையைத் தெரிந்துகொண்டேன். இப்போது எல்லோரையும் அந்தப் பழைய ஜெயில் மதிலுக்கு ஓரமாக அனுப்பிவிட்டார்கள். டிராபிக் நெரிசலுக்காக என்கிறார்கள். பெங்களூர் டிராபிக்கைப் பார்த்தவன் என்பதால் அந்தக் காரணத்தை நான் முழுசாகச் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஆனால் கட்சித் தலைவர் வந்தால் மாலையோடும் மேளத்தோடும் ரோட்டை அடைப்பதையும் பார்த்திருக்கிறேன். பாஜக ஆட்சியில் வந்த ஏற்பாடு இது, காங்கிரஸ் வந்தும் எடுக்கவில்லை. வேறு இடத்தில் நின்றவர்கள் மேல் இரண்டு ஆட்சியிலும் வழக்குப் போட்டார்கள். யாருக்கும் இதில் கட்சி வித்தியாசம் கிடையாது போல.

2025 ஜனவரியில் ஆஷா தொழிலாளிகள், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கிற பெண்கள், மாதம் பதினைந்தாயிரம் கொடுங்கள் என்று கர்நாடகம் முழுவதிலுமிருந்து வந்து அங்கேதான் நாலு நாள், ராத்திரிப் பனியிலும், உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். உள்ளே அத்தனை பேர், வெளியே ரோட்டில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அதே வருஷம் ஜூன் 25. எமர்ஜென்சி அறிவித்துச் சரியாக 50 வருஷம். அன்றைக்கு தேவனஹள்ளியில், விமானத் தொழில் பூங்காவுக்காக 13 கிராமங்களில் 1,777 ஏக்கரை எடுக்க வேண்டாம் என்று மூன்று வருஷத்துக்கும் மேலாகப் போராடிய விவசாயிகளையும் அவர்களுக்குத் துணைக்குப் போனவர்களையும் சாயங்காலம் போலீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனது. எமர்ஜென்சியை நினைத்து மேடையில் ஒரு கட்சி கண்டனக் கூட்டம் நடத்திய நாள், எமர்ஜென்சி கொண்டுவந்த கட்சி ஆளும் மாநிலத்தில் கைது நடந்த நாள், இரண்டும் ஒன்றுதான். அப்புறம் விவசாயிகள் ஃப்ரீடம் பார்க்குக்கு வந்து உட்கார்ந்தார்கள். கன்னட எழுத்தாளர்கள், தொழிற்சங்கங்கள், மாணவர்கள், தலித் சங்கங்கள் என்று கூட்டம் சேர்ந்தது. ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா அந்த நிலத்தை எடுப்பதைக் கைவிடுவதாக அறிவித்தார். உங்கள் வாசகர் 'இவர்களால் எதுவும் நடப்பதில்லை' என்று எழுதினாரே, அவருக்காகத்தான் இதைச் சொல்கிறேன். 13 கிராமத்து ஆட்கள் தனியாக நின்றிருந்தால் அந்த நிலத்தில் இந்நேரம் வேலி போட்டிருப்பார்கள்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் ஒரு இருபது பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி எதையாவது படித்துப் பேசுவோம். சங்கம் என்று பதிவெல்லாம் இல்லை. பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள், இரண்டு ஐடி பையன்கள், ஒரு நர்சு, ஒரு கன்னட ஆசிரியர், அவருக்குத் தமிழ் படிக்க வராது, பேசினால் புரியும். சிறுகதை, காவிரி, சர்க்கரை நோய் என்று எல்லாம் பேசியிருக்கிறோம். 2025 ஜூனில் எமர்ஜென்சி 50 வருஷம் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். அப்போது ஒருவர், "அதோட ஸ்டான் சுவாமி பத்தியும் பேசலாமே சார், அவரு பெங்களூர்ல இருந்தவர்தானே" என்றார்.

உண்மைதான். திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு போய் வாழ்ந்தார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கு முன்னால் 1975லிருந்து 1986 வரை பெங்களூரில் இந்தியச் சமூக நிறுவனத்தை நடத்தியவர் என்பது இங்கிருக்கிற நம் ஆட்களுக்கே பலருக்குத் தெரியாது. எத்தனையோ ஊர்களிலிருந்து வந்த தொண்டர்கள் அவரிடம் படித்துவிட்டுப் போனார்கள். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் அவரைக் கைது செய்தபோது வயது 83. 2018இல் மகாராஷ்டிரத்தில் நடந்த கலவரத்தை ஒட்டிய பீமா கோரேகான் வழக்கு, உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். 1967இல் கொண்டுவந்த இந்தச் சட்டத்தைப் பின்னால் வந்த திருத்தங்கள் இறுக்கிவிட்டன. போலீஸ் எழுதியதைப் படித்து முதல் பார்வைக்கு உண்மை போல இருக்கிறது என்று நீதிபதி நினைத்தாலே ஜாமீன் கிடையாது. விசாரணை எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. கிழவருக்குப் பார்கின்சன் நோய், கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கிற குவளையும் குழலும் கேட்டு கோர்ட்டில் மனு போட்டார். அதற்குப் பதில் சொல்ல விசாரணை அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் குவளைக்கு! 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தார். குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, நிரபராதி என்று சொல்வதற்கும் அவர் இல்லை.

நோட்டீஸ் எழுதுகிற வேலை எப்போதும் என்னுடையது. இரண்டு தலைப்பையும் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டேன். அல்சூர் பக்கத்தில் நாங்கள் எப்போதும் கூடுகிற ஒரு சின்ன மண்டபத்துக்கு 1,500 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மூன்று நாள் முன்னால் மண்டபத்து மேனேஜர் போன் செய்தார். "சார், போலீஸ் பர்மிஷன் லெட்டர் ஒண்ணு கொண்டு வந்துடுங்க." ஆறு வருஷமாக அங்கேதான் கூடுகிறோம், ஒருநாளும் கேட்டதில்லை. சரி என்று ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒளகடே மீட்டிங்கே யாக்கே சார் பர்மிஷன்?" என்றார். நாலு சுவருக்குள் இருபது பேர் கூடுவதற்கு அனுமதி எதற்கு என்று போலீஸ்காரரே கேட்கிறார். அதையே லெட்டரில் எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுக்க முடியாது என்றார். பேசுகிறவர் யார், அவர் போன் நம்பர் என்ன, ஆதார் நகல் இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னார், சாதாரணமாகத்தான் சொன்னார், மிரட்டலெல்லாம் இல்லை, டீகூட வேண்டுமா என்று கேட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். கை தானாகப் போனை எடுத்தது. நோட்டீஸைத் திறந்து ஸ்டான் சுவாமி என்கிற வரியை அழித்துவிட்டு, 'எமர்ஜென்சி: ஒரு நினைவு' என்று மட்டும் வைத்து மறுபடியும் அனுப்பினேன்.

யாரும் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லவில்லை, ரைட்டர் சொல்லவில்லை. நானேதான் அழித்தேன். மகன் வெளிநாட்டு வேலைக்கு விசா போட்டிருந்தான், அது மனசில் வந்தது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தச் சலூன் அட்டை ஞாபகம் வந்தது. அந்தக் கடைக்காரராவது பூப் போட்டு அழகாக எழுதினார்.

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபம் கிடைக்கவில்லை. குழுவில் ஒவ்வொருவராக, அன்றைக்குக் கல்யாணம் இருக்கிறது, மூட்டுவலி, மகள் அரசு வேலையில் இருக்கிறாள் என்று கழன்றுகொண்டார்கள். கடைசிக் காரணத்தைச் சொன்னவர் ஒருவராவது உண்மையைச் சொன்னாரே என்று இருந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பேர் கூடினோம். போலீஸ் வரவில்லை, யாரும் வரவில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் வடகம் எடுக்க வந்தார்.

இதில் என்ன அடக்குமுறை, உன் பயத்துக்கு அரசாங்கமா பொறுப்பு என்று உங்கள் வாசகர் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். என் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. இதே ஊரில் நான் பார்த்தவை இருக்கின்றன. 2017 செப்டம்பர் 5 அன்று பத்திரிகையாளர் கௌரி லங்கேஷை ராஜராஜேஸ்வரி நகரில் வீட்டு வாசலில் சுட்டார்கள். 2019 டிசம்பர் 19 அன்று 144 போட்டுவிட்டு, டவுன் ஹால் முன்னால் டிவிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவைப் பேச்சு முடியும் முன்னாலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த 144 உத்தரவு சட்டப்படி செல்லாது என்று 2020 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது, நல்லது, ஆனால் நாள் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 2021 பிப்ரவரியில் திஷா ரவி என்கிற சின்னப் பெண்ணை, விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவாக ஒரு கூகுள் ஆவணத்தைத் திருத்தினாள் என்று டெல்லி போலீஸ் பெங்களூர் வந்து பிடித்துக்கொண்டு போனது. பத்து நாளில் ஜாமீன் கொடுத்த நீதிபதி தர்மேந்தர் ராணா, அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகக் குடிமக்களைச் சிறையில் போட முடியாது என்று எழுதினார். ஆனால் அந்தப் பத்து நாளில் எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்கள் மகளைக் கூப்பிட்டு, "ஃபேஸ்புக்ல என்னென்ன போட்டிருக்கே, எடு எல்லாத்தையும்" என்று சொல்லியிருப்பார்கள்! என் தம்பி சொன்னான். ஒரு பெண்ணைப் பிடித்தால் ஆயிரம் வீட்டில் அப்பாவே போலீஸ் ஆகிவிடுகிறார், அரசாங்கத்துக்குச் செலவே இல்லை.

அடுத்து வெளிநாட்டுப் பணம். இது உங்கள் வாசகருக்குப் பெரிய ஆயுதம், என் நண்பர்களிலேயே பாதிப் பேருக்கும் இதுதான் பேச்சு. கணக்குக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொண்டு என்று சொல்லிக் கார் வாங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், கேட்கட்டும், தணிக்கை செய்யட்டும், திருடியிருந்தால் உள்ளே போடட்டும். ஆனால் அந்தச் சட்டத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல், எமர்ஜென்சி நடுவில் பிறந்தது. 2010இல் புதுசாக எழுதினார்கள், 2020 செப்டம்பரில் இன்னும் இறுக்கினார்கள். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்பதை 20 ஆக்கினார்கள், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து விழ வேண்டும். இதுவரை 20,000க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவு ரத்தாகியிருக்கிறது. இதே பெங்களூரில் அலுவலகம் வைத்திருந்த ஆம்னெஸ்டி என்கிற மனித உரிமை அமைப்பின் வங்கிக் கணக்குகளை 2020 செப்டம்பரில் முடக்கினார்கள், அதே மாதம் அவர்கள் இந்திய வேலையை நிறுத்தினார்கள்.

அரசியல் கட்சிகளுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரசும் பாஜகவும் இந்தச் சட்டத்தை மீறியிருக்கின்றன என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் குழுமத்தில் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டும் உண்டு, தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அபராதம் வந்ததா? 2016லும் 2018லும் பட்ஜெட்டோடு சேர்த்துச் சட்டத்தையே மாற்றினார்கள், 2018 மாற்றத்தை 1976 ஆகஸ்ட் 5லிருந்தே அமலில் இருந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று பின்தேதி போட்டார்கள். 42 வருஷத்துக்குப் பின்தேதி! எங்கள் தொழிற்சாலையில் லீவு லெட்டருக்கு ஒருநாள் பின்தேதி போட்டால் மெமோ கொடுப்பார்கள். அந்த 2018 மே 22 அன்றுதான் ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி ஊர்வலம் போன தூத்துக்குடி மக்களைச் சுட்டார்கள். 13 பேர் செத்தார்கள். அந்த மக்களையும் வெளிநாட்டுச் சதி, வெளியாள் தூண்டுதல் என்றுதான் சொன்னார்கள்.

இந்தச் சட்டம் கீழே எப்படி இறங்குகிறது என்பதற்கு ஒரு உதாரணம் எனக்குத் தெரியும். எங்கள் பகுதியில் பௌரகார்மிகர், தெரு கூட்டுகிற பெண்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு சாயங்கால டியூஷன் நடந்தது. ஒரே அறை, முப்பது பிள்ளைகள், தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து இரைச்சலாக இருக்கும். டீச்சருக்கு மாதம் ஆறாயிரமும் வாடகையும் ஒரு பெரிய டிரஸ்ட் அனுப்பிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒரு சர்ச் அனுப்பியது. 2020 திருத்தத்துக்கு அப்புறம் பெரிய டிரஸ்ட், இனிமேல் உங்களுக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, மன்னியுங்கள் என்று கடிதம் அனுப்பிவிட்டது. நாங்கள் சிலர் கைக்காசு போட்டு ஏழெட்டு மாதம் ஓட்டினோம். அப்புறம் முடியவில்லை. அந்த அறையின் கரும்பலகை இப்போது எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. எந்த அதிகாரியும் அந்த டியூஷனை மூடச் சொல்லவில்லை. அப்படி ஒரு டியூஷன் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

'வெளிநாட்டு ஏஜெண்ட்' என்கிற வார்த்தை நம் ஊர்ச் சரக்கும் அல்ல. ரஷ்யாவில் 2012இல் அந்தப் பெயரிலேயே சட்டம் போட்டார்கள். ஸ்டாலின் காலத்தில் முகாம்களில் செத்தவர்களின் பெயர்களைத் தேடித் தேடிச் சேர்த்த மெமோரியல் என்கிற அமைப்புக்கும் அந்த முத்திரை குத்தி 2021 டிசம்பரில் கோர்ட் மூலமாகவே கலைத்தார்கள், அடுத்த வருஷம் அவர்களுக்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது, பரிசை வைக்க அலுவலகம் இல்லை. ஹங்கேரியில் 2017இல் இதே மாதிரி ஒன்று. ஜார்ஜியாவில் 2024இல், ஜனங்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்றும் நிறைவேற்றினார்கள். நிகரகுவாவில் 2024 ஆகஸ்டில் ஒரே உத்தரவில் 1,500 அமைப்புகளை மூடினார்கள், அதில் சர்ச் குழுக்களும் இருந்தன. இடது, வலது என்று பார்த்தால் இவர்கள் யாரும் ஒருவருக்கொருவர் சேர மாட்டார்கள். ஆனால் முதலில் யார் மேல் கை வைக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே புத்திதான். கணக்குக் கேட்கிற ஆள், பெயர் எழுதி வைக்கிற ஆள், ஏழைக்குக் கோர்ட்டில் வக்காலத்து போடுகிற ஆள்.

தரவரிசைகளை நான் பெரிதாக நம்புகிறவன் இல்லை, எவனோ எங்கோ உட்கார்ந்து மார்க் போடுகிறான் என்று நினைப்பேன். இருந்தாலும் 2025 பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் நமக்கு 151ஆவது இடம் என்பதை ஒரு பத்திரிகைக்கு எழுதுகிற கடிதத்தில் சொல்லாமல் விடக் கூடாது அல்லவா.

இதை மத்திய அரசை மட்டும் திட்டுகிற கடிதம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது தப்பு. கூடங்குளத்தில் இடிந்தகரை மீனவர்கள் மேல் ஆயிரக்கணக்கில் தேசத் துரோக வழக்குப் போட்டபோது சென்னையில் இருந்தது அதிமுக, டெல்லியில் இருந்தது காங்கிரஸ். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவனை 2015இல் ராத்திரியில் வீட்டுக்குப் போய்ப் பிடித்தார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் தூக்கி அப்புறப்படுத்தியது திமுக ஆட்சி. கோர்ட் உத்தரவு என்றார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் தூக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னதா என்ன. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோருக்கும் ஜனநாயகம் தேவைப்படுகிறது.

கடைசியாக ஒன்று, பெங்களூர்த் தமிழர்களுக்காக. நம்மவர்களிடம் "நாம வேற மாநிலத்துல இருக்கோம், நமக்கு எதுக்கு வம்பு" என்கிற பேச்சு உண்டு. நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது எங்கள் தெருவுக்குப் போலீஸ் வந்து சேர ரொம்ப நேரமாயிற்று. அதுவரை வாசலில் நின்றவர்கள் எங்கள் வீட்டுக்காரரான கன்னடக் கிழவரும், அப்பாவோடு தொழிற்சங்கத்தில் இருந்த மூன்று கன்னடத் தோழர்களும்தான். அல்சூர் ஏரிக்கரையில் நிற்கிற வள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1991லிருந்து 18 வருஷம் அவரைத் துணியும் தகரமும் சுற்றி மூடி வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து திறந்தார்கள், நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரண்டு முதலமைச்சர்கள் கைகோத்த படம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த 18 வருஷமும் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்களையும், கூட்டம் போட்டுக் கன்னட எழுத்தாளர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்தவர்களையும் எனக்குத் தெரியும். பலர் திறப்பு விழாவைப் பார்க்காமலே போய்விட்டார்கள். அவர்களும் 'நமக்கு எதுக்கு வம்பு' என்றிருந்தால் ஐயன் இன்றைக்கும் தகரத்துக்குள்தான் இருந்திருப்பார். எண்ணிக்கையில் சின்ன கூட்டமாக இருக்கிறவனுக்குச் சங்கமும் கூட்டமும் கோரிக்கையும்தான் கதவு. அந்தக் கதவை மூடினால் பெரும்பான்மைக்காரன் ஜன்னல் வழியாகவாவது போய்விடுவான், நாம் எங்கே போவது?

உங்கள் வாசகர் பெங்களூர் வந்தால் என்னைப் பார்க்கலாம். ஃப்ரீடம் பார்க்கைச் சுற்றிக் காட்டுகிறேன், பஸ் காசும் காபியும் என் செலவு. திட்டுவதானாலும் அங்கே வந்து திட்டலாம், அனுமதிக்கப்பட்ட இடம்.

எங்கள் அடுத்த கூட்டம் இந்த மாதம் மூன்றாவது ஞாயிறு, சாயங்காலம் 4 மணி, மொட்டை மாடியில்தான். மழை வந்தால் கீழே கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்காரலாம், நாற்காலி எட்டு, மீதிப் பேருக்குப் பாய். நோட்டீஸில் இந்தத் தடவை 'ஸ்டான் சுவாமியின் பெங்களூர் வருஷங்கள்' என்று முழுசாகப் போட்டிருக்கிறேன். இதுவரை ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரசு வேலையில் மகள் இருக்கிறவர் அதில் ஒருவர்.

என் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கடிதம் நீளம் என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதச் சொன்னாள் வீட்டுக்காரி, அதையும் எழுதிவிட்டேன். என் விருப்பம், போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டர்னர்,
அல்சூர், பெங்களூர்